கைப்பக்குவத்தைக் கிராமில் பிடிப்பது: வீட்டுச் சமையல் குறிப்புகளை எழுதி வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவிடம் போனில் குழம்புக்குப் பக்குவம் கேட்டுப் பாருங்கள். "புளியைக் கொஞ்சம் கெட்டியா கரைச்சுக்கோ, பொடியை அளவா போடு, பச்சை வாசம் போனதும் இறக்கிடு" என்று பதில் வரும். கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் 'கொஞ்சம்' எவ்வளவு, 'அளவா' என்றால் யாருடைய அளவு என்ற சந்தேகமெல்லாம் வரும். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. வருடக்கணக்காகக் கை தானாகச் செய்கிற வேலையை வாயால் சொல்லச் சொன்னால் யாருக்கும் வராது. அதனால் வாயிடம் கேட்பதை விட்டுவிட்டு, கை செய்வதை அளந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்குத் திருநெல்வேலிச் சொதியை, அதாவது தேங்காய்ப்பாலில் வைக்கும் காய்க் குழம்பை, எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பதார்த்தம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அளவு தெரிந்தும் பக்குவம் தவறினால் கெட்டுப்போகும் பதார்த்தம் அது. உங்கள் வீட்டில் வத்தக்குழம்போ கோழிக் குழம்போ அதிரசமோ எதுவானாலும் முறை ஒன்றுதான்.

எந்தப் பதார்த்தத்தில் தொடங்குவது

தீபாவளிப் பலகாரத்தில் தொடங்க வேண்டாம். அதிரசம் மாதிரியானவை வருடத்துக்கு ஒரு முறை செய்பவை. அன்றைக்கு வீடு முழுக்க ஆள் இருக்கும், தராசைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றால் திட்டுதான் கிடைக்கும். மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது வீட்டில் செய்கிற ஒன்றை எடுங்கள். ஒரு தடவை விட்டதை அடுத்த தடவை பிடித்துவிடலாம்.

பொடி போட்டுச் செய்கிற பதார்த்தமாக இருந்தால் முதலில் பொடியின் அளவை எழுத வேண்டும். பலர் சாம்பாரின் அளவை மட்டும் அழகாக எழுதி வைத்துவிட்டு, சாம்பார் பொடி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வீட்டுப் பொடி தீர்ந்துபோன அன்றே அந்தக் குறிப்பும் செத்துவிடும். பொடியில் எந்த மிளகாய் என்பதுவரை வேண்டும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் நீட்டுச் சம்பா மிளகாயும் ஒரே எடையில் ஒரே காரத்தையோ ஒரே நிறத்தையோ தராது. எதை வறுத்தார்கள், எதை வெயிலில் காயவைத்தார்கள், மில்லில் அரைத்ததா மிக்சியிலா என்பதும் சேரட்டும்.

என்னென்ன வேண்டும்

5 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று. ஒரு கிராம் துல்லியம் போதும். பெருங்காயம், மிளகு மாதிரி ஒன்றிரண்டு கிராம் சங்கதிகளை அது சரியாகக் காட்டாது. அதற்கு நகைக்கடைத் தராசு தேட வேண்டியதில்லை. அவர்கள் வழக்கமாக எடுக்கும் ஸ்பூனில், வழக்கமாக எடுக்கும் மாதிரியே பத்து முறை எடுத்துப் போடச் சொல்லுங்கள். மொத்தத்தை நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு ஸ்பூன் அளவு வந்துவிடும்.

அப்புறம் ஒரு மார்க்கர் பேனா, ஒரு நோட்டு, போன். வீடியோ எடுப்பதானால் முகத்துக்குக் குறிவைக்காமல் வாணலிக்குள் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். முகத்துக்கு நேராக கேமரா இருந்தால் பெரும்பாலோர் சமைப்பதை நிறுத்திவிட்டுப் பேட்டி கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சத்தம் தெளிவாகப் பதிவாகட்டும். கடுகு வெடிக்கும் சத்தம், வெங்காயத்தில் ஈரம் வற்றும்போது மாறும் சத்தம் எல்லாம் பிற்பாடு உதவும்.

முதல் வேலை: பாத்திரங்களை அளப்பது

சமையல் நடக்காத ஒரு மதியத்தில் இதைச் செய்யுங்கள். அவர்கள் அளக்கப் பயன்படுத்தும் டம்ளர், குழிக்கரண்டி, அரிசி அளக்கும் உழக்கு எல்லாவற்றையும் எடுத்துத் தண்ணீர் நிரப்பி நிறுங்கள். தண்ணீர் எத்தனை கிராமோ அத்தனை மில்லி அந்தப் பாத்திரத்தின் கொள்ளளவு. ஒரே வீட்டு அலமாரியில் 150 மில்லி டம்ளரும் 250 மில்லி டம்ளரும் பக்கத்து பக்கத்தில் இருக்கும். 'ஒரு டம்ளர் பருப்பு' என்று மட்டும் எழுதினால் எந்த டம்ளர் என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?

பழைய அளவுகளில் பேசுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். ஆழாக்கைத்தான் சில ஊர்களில் அரைக்கால் படி என்பார்கள், உழக்கைக் கால் படி என்பார்கள். படியின் கொள்ளளவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு, பட்டணம் படி, சின்னப் படி என்று. ஆகவே புத்தகத்தில் இருக்கும் மில்லிக் கணக்கை நம்பாமல், வீட்டில் இருக்கும் உழக்கிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுவது நல்லது. எடையில் ஒரு பலம் சுமார் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும், 'மூணு பலம் புளி' என்று சொல்லும் ஆச்சிகள் அதற்கப்புறமும் நெடுங்காலம் இருந்தார்கள். பழைய நோட்டுகளில் இன்னமும் இருக்கிறார்கள்.

கடைசியாக, குழம்பு வைக்கும் சட்டியை வெறுமையாக நிறுத்து, எடையை அடிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். தீயில் அழிந்துவிடும் என்றால் நோட்டில் எழுதுங்கள். இது ஏன் என்று பின்னால் வருகிறது. வேலையிலேயே முக்கியமான எண் இதிலிருந்துதான் கிடைக்கப் போகிறது.

முதல் சமையல்: கையைத் தடுக்காமல் அளப்பது

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். அம்மா உப்பை அள்ளும்போது "இரும்மா, நிறுத்துப் பாத்துக்கிறேன்" என்று கையைப் பிடித்துவிடுகிறார்கள். கையைப் பிடித்ததுமே அளவு மாறிவிடும். நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சத்தில் ஒரு சிட்டிகை குறைத்துப் போடுவார்கள், நிறுத்த பிறகு நாக்கில் வைத்துப் பார்த்து ரகசியமாகக் கூட்டிப் போடுவார்கள். இந்த இரண்டாவது சிட்டிகை நம் நோட்டில் ஏறாது.

அதற்குப் பதில் டப்பாவை நிறுங்கள். சமையல் தொடங்கும் முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு, அஞ்சறைப் பெட்டியில் ஒவ்வொரு கிண்ணமும், புளிப் பானை என்று எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். அவர்கள் பாட்டுக்கு அள்ளட்டும், கிள்ளட்டும், ருசி பார்த்துத் திரும்பப் போடட்டும். சமையல் முடிந்ததும் மறுபடி நிறுங்கள். உப்பு ஜாடி காலையில் 612 கிராம், இப்போது 596 என்றால் போனது 16 கிராம். அவர்களே மறந்துபோன அந்த இரண்டாவது சிட்டிகையும் இதில் அடங்கிவிடும். காய்கறி, தேங்காய் போன்றவற்றை நறுக்கின பிறகு, துருவின பிறகு நிறுங்கள். 'ஒரு மூடித் தேங்காய்' என்பது துருவலில் 120 கிராமும் வரும், 200 கிராமும் வரும்.

ஒரு கண்டிப்பு: அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் அந்த உப்பு ஜாடியைத் தொடக்கூடாது. ரசத்துக்கும் அதிலிருந்தே எடுத்தால் கணக்கு போயிற்று.

தண்ணீர்தான் சிக்கலானது. குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றுவார்கள், எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. காலையிலேயே ஒரு குடத்திலோ பெரிய ஜக்கிலோ தண்ணீரை நிறுத்து வைத்து, இதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குழம்பு இறக்கியதும் தராசின் மேல் ஒரு மனையையோ தடித்த பலகையையோ வைத்துப் பூஜ்யமாக்கி, சட்டியோடு நிறுங்கள். வெறும் சட்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பது முடிந்த குழம்பின் எடை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்பதைவிட இந்த எண் உயர்ந்தது. உங்கள் அடுப்பின் தீ வேறு, சட்டியின் வாய் அகலம் வேறு, தண்ணீர் வற்றும் வேகமும் வேறாகத்தான் இருக்கும். ஆனால் போட்ட பொருள் அதே, முடிந்த எடையும் அதே என்றால் கெட்டியும் அதேதான். குழம்பு நீர்த்திருக்கிறதா என்று கரண்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். முடிந்த எடை 1,800 கிராம் என்று நோட்டில் இருந்தால், அதற்கு வரும்வரை கொதிக்க விட வேண்டியதுதான்.

கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்

எவ்வளவு என்று கேட்காதீர்கள். அதைத் தராசு சொல்லிவிடும். நான் ஒருமுறை சொதிக்கு மூணாம் பால் எவ்வளவு ஊத்தணும் ஆச்சி என்று கேட்டதற்கு, "என்னளா இப்படிக் கேக்க? காய் முங்குத அளவுக்கு ஊத்துனா போதும்ளா" என்று பதில் வந்தது. கேலியாகச் சொன்னாலும் அது சரியான பதில். மில்லிக் கணக்கு அன்றைய காயின் அளவுக்கும் சட்டிக்கும் மட்டும் பொருந்தும், 'காய் முங்கும் அளவு' எந்தச் சட்டிக்கும் பொருந்தும். இப்படிக் கிடைக்கும் சொற்களை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் அன்றைய எடையைப் போடுங்கள். இரண்டும் இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை வேறு மாதிரி. 'இப்போ ஏன் தீயைக் குறைச்சீங்க?' 'இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா என்ன ஆகும்?' 'இது இல்லைன்னா பதிலுக்கு என்ன போடுவீங்க?' 'உங்க மாமியார் வீட்டுல இப்படித்தானா?' கடைசிக் கேள்வியைச் சமையல் முடிந்த பிறகு கேளுங்கள், நேரம் பிடிக்கும். 'என்ன ஆகும்' என்ற கேள்விக்குத்தான் அதிகம் கிடைக்கும். என்ன கெடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், பல வருடம் பார்த்திருக்கிறார்கள்.

அடையாளங்களை எழுதும்போது ஐந்து புலனுக்கும் இடம் கொடுங்கள். 'பொன்னிறம்' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வெந்தயத்தின் பொன்னிறமும் உளுந்தின் பொன்னிறமும் ஒன்றில்லை. வெந்தயம் அந்த நிறத்தைத் தாண்டிச் சற்றுக் கறுத்தாலே குழம்பு முழுக்கக் கசக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், சண்டை இல்லை.

குக்கர் விசிலையும் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீ கூடினால் விசில் சீக்கிரம் வரும், குக்கர் பெரிதானால் தாமதமாக வரும். 'முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 8 நிமிடம்' என்று எழுதினால் யார் வீட்டிலும் நடக்கும். பருப்பு விஷயத்தில் தண்ணீரின் தன்மையையும் குறித்து வையுங்கள். சுண்ணாம்புச் சத்து கூடிய உப்புத் தண்ணீரில் பருப்பு குழையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த அதே பருப்பு நகரத்து போர்வெல் தண்ணீரில் முழிப்பதற்குக் காரணம் இதுதான், உங்கள் கை இல்லை. ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த சட்டியில் வேகவைக்கும் எதற்கும் நேரம் கூடும்.

எந்தச் சட்டி என்பதும் குறிப்பில் ஒரு பொருள்தான். கல்சட்டியில் வைத்த குழம்பு இறக்கிய பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதே பக்குவத்தில் எவர்சில்வரில் இறக்கினால் நீர்த்துப் போகும். ஈயச் சொம்பு ரசத்துக்கு இன்னொரு வரி கட்டாயம் சேருங்கள்: அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக்கூடாது, புளித்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும். பாட்டிக்கு இது சொல்லாமலே தெரியும். பேத்தி சொம்பை உருக்கிவிட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

எழுதி முடித்தால் எப்படி இருக்கும்: சொதி

நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதி வைப்பது வழக்கம். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். மசாலா கிடையாது, புளி கிடையாது, தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும்தான். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் இருந்தாக வேண்டும். இஞ்சித் துவையல் வெறும் அலங்காரத்துக்கு இல்லை, அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டாமா?

எட்டுப் பேருக்கு. துருவிய தேங்காய் 450 கிராம், அதாவது பெரிய காய் இரண்டு. பாசிப்பருப்பு 75 கிராம். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்து நறுக்கியது 450 கிராம். உரித்த சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 15 பல், பச்சை மிளகாய் 8, தோல் சீவிய இஞ்சி 25 கிராம். எலுமிச்சைச் சாறு 30 மில்லி, உப்பு 16 கிராம், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தாளிக்கக் கடுகு, சீரகம், கறிவேப்பிலை. மஞ்சள்தூள் சில வீடுகளில் உண்டு, எங்கள் வீட்டில் இல்லை. பருப்பின் வெளிர் மஞ்சளே போதும்.

1. தேங்காயை 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் இறுக்கிப் பிழிந்து முதல் பால் 300 மில்லி எடுத்துத் தனியே வைக்கவும். அதே சக்கையில் தண்ணீர் விட்டு மீண்டும் அரைத்து இரண்டாம் பால் 400 மில்லி, மூன்றாம் பால் 500 மில்லி. முதல் பாலில் தண்ணீரைக் கூட்டிவிட்டால் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.

2. பாசிப்பருப்பை வாசம் வரும்வரை லேசாக வறுத்து, குழைய வேகவைத்து மசிக்கவும்.

3. இஞ்சியையும் பச்சை மிளகாயையும் சேர்த்து அரைத்து, இரண்டு கரண்டி மூன்றாம் பாலில் கரைத்துப் பிழிந்து சாறு மட்டும் எடுக்கவும். திப்பி உள்ளே போனால் நார் தட்டும்.

4. எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாகப் போட்டு, நிறம் மாறாமல் பளபளவென்று ஆகும்வரை வதக்கவும். சிவக்கவிட்டால் சொதி அழுக்கு நிறமாகிவிடும்.

5. காய்களைச் சேர்த்து, முங்கும் அளவு மூன்றாம் பால் ஊற்றி, பாதி உப்புப் போட்டு வேகவைக்கவும். உருளைக்கிழங்கு வெந்து, முருங்கைக்காய் பிளக்காமல் இருக்கும்போது பருப்பு, இரண்டாம் பால், இஞ்சிச் சாறு மூன்றையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடவும்.

6. தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை ஊற்றவும். இனி கொதிக்கக் கூடாது. ஓரத்தில் மெல்லிய நுரை கட்டி, நடுவில் லேசாக அசையும்போது அடுப்பை அணைக்கவும். தேங்காய்ப்பாலில் கொழுப்பைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். கொதி வந்தால் அது இறுகிவிடும், எண்ணெய் தனியே பிரிந்து பால் திரிந்து நிற்கும்.

7. தாளித்துக் கொட்டி, சூடு சற்றுத் தணிந்த பிறகு எலுமிச்சைச் சாறும் மீதி உப்பும் சேர்க்கவும். கொதிக்கும் பாலில் புளிப்பு விழுந்தாலும் திரியும், அதனால் இதில் அவசரம் வேண்டாம். முடிந்த எடை சுமார் 1,800 கிராம்.

ஆறாவது படியைப் பாருங்கள். வீட்டில் கேட்டால் "கடைசியில முதல் பாலை விட்டு இறக்கு" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். 'இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா என்ன ஆகும்' என்று கேட்டால்தான் நுரை, அசைவு, திரிதல் எல்லாம் வெளியே வரும்.

இரண்டாம் சமையலில் கை மாற வேண்டும்

எழுதியதை வைத்து நீங்கள் சமையுங்கள். அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரே நிபந்தனை, கரண்டியை வாங்கக்கூடாது, வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும். "அய்யோ, அதை இப்பவே போடாதே" என்று எங்கே குரல் வருகிறதோ, அங்கே உங்கள் நோட்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. உடனே எழுதுங்கள். முதல் நாள் நான்கு பக்கம் எழுதியதைவிட இந்தக் கூச்சலில் கிடைக்கும் நான்கு வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாம் முறை அவர்கள் வீட்டில் இல்லாதபோது சமைத்து, ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் பிள்ளை செய்தது என்று நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்ன குறைகிறது என்று கேளுங்கள்.

உப்பு, புளி

உப்பை ஸ்பூனில் எழுதாதீர்கள். கல் உப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு உட்காரும், தூள் உப்பு அடைத்துக்கொள்ளும். அதே ஸ்பூனில் இரண்டின் எடை வேறு. எடையில் எழுதிவிட்டால் எந்த உப்பானாலும் கவலையில்லை. முடிந்த குழம்பின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உப்பு இருந்தால் பெரும்பாலான வாய்க்குச் சரியாக இருக்கும். மேலே சொதிக்கு 1,800-க்கு 16 கிராம் என்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. உங்கள் வீட்டு விகிதம் என்ன என்று இரண்டு மூன்று பதார்த்தங்களில் கணக்குப் பார்த்துவிட்டால், அளவு எழுதாத பழைய குறிப்புகளுக்கும் உப்பை நீங்களே போட்டுவிடலாம்.

புளியில் எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு, கோலிக்குண்டு அளவு என்று ஓடும். எலுமிச்சை அளவு என்றால் கொட்டை நீக்கிய புளி 20 கிராமும் உண்டு, 40 கிராமும் உண்டு. உருட்டி வைத்த உருண்டையை நிறுத்துவிடுவது ஒன்றுதான் வழி. புதுப்புளியா பழம்புளியா என்றும் எழுதுங்கள், குழம்பின் நிறமே அதைப் பொறுத்தது.

செய்தவர் இல்லாதபோது

சமைத்தவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பல வீடுகளில் இந்த நினைப்பே வருகிறது. அப்போதும் வழி உண்டு. முதலில் அவருடைய அக்கா தங்கைகளைக் கேளுங்கள். ஒரே அடுப்படியில் படித்தவர்கள். அப்புறம் அவர் கையால் அதிகம் சாப்பிட்டவர்களிடம் போங்கள். அவர்களிடம் எப்படிச் செய்தார் என்று கேட்டுப் பயனில்லை. என்ன நிறம், சோற்றில் ஊற்றினால் ஓடுமா நிற்குமா, எதைத் தொட்டுக்கொள்வீர்கள், மறுநாள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நாக்கு வைத்திருக்கிற ஞாபகம் துல்லியமானது.

பலர் கவனிக்காத ஒன்று பழைய மளிகைச் சிட்டை. மாதாமாதம் மளிகைக் கணக்கு எழுதிய நோட்டு அகப்பட்டால் விடாதீர்கள். மிளகாயும் மல்லியும் வெந்தயமும் ஒரே நாளில் மொத்தமாக வாங்கியிருந்தால், அது பொடி அரைத்த மாதம். ஒரு கிலோ மல்லிக்கு எத்தனை கிராம் மிளகாய் வாங்கினார்கள் என்பதே அந்த வீட்டுப் பொடியின் விகிதம். நல்லெண்ணெய் எத்தனை, கடலெண்ணெய் எத்தனை என்பதிலிருந்து எதில் தாளித்தார்கள் என்றும் ஊகிக்கலாம்.

பெரியம்மா ஒன்று சொல்வார், சித்தி வேறொன்று சொல்வார். இரண்டையும் கலந்து நடுவில் ஒரு அளவு எடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு சொதியை யாருமே வைத்ததில்லை. இரண்டையும் தனித்தனியே அவரவர் பெயரிலேயே எழுதுங்கள்.

கூட்டிச் சமைக்கும்போது

எட்டுப் பேர் குறிப்பை நாற்பது பேருக்கு ஐந்தால் பெருக்கினால் எல்லாம் சரியாக வராது. காய், பருப்பு, தேங்காய், உப்பு ஆகியவற்றை எடைக் கணக்கில் பெருக்கலாம். தண்ணீரை அப்படிப் பெருக்கக்கூடாது. பெரிய அண்டாவில் அளவுக்கு ஏற்ப மேற்பரப்பு கூடுவதில்லை, அதனால் வற்றுவது குறைவு. முடிந்த எடையை மனதில் வைத்துக் குறைவாகத் தொடங்குங்கள். தாளிக்கும் எண்ணெய் ஐந்து மடங்கு தேவைப்படாது. காரத்தை முக்கால் பங்கு போட்டுக் கொதித்த பின் ருசி பார்த்துக் கூட்டுங்கள். அண்டா ஆற நேரமாகும் என்பதால் சொதி மாதிரி பதார்த்தத்தில் முதல் பாலைச் சேர்க்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம், உள்ளிருக்கும் சூடே போதும்.

எழுதி வைக்கும் முறை

ஒரு பதார்த்தத்துக்கு ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும். மேலே பெயர், யாருடைய கைப்பக்குவம், எந்த ஊர், அளந்த தேதி, எந்தச் சட்டி, எத்தனை பேருக்கு. பொருள்களைப் போடும் வரிசையிலேயே எழுதுங்கள், கிராமும் அவர்கள் சொன்ன சொல்லும் பக்கத்து பக்கத்தில் இருக்கட்டும். செய்முறையில் ஒவ்வொரு படியிலும் நிறுத்த வேண்டிய அடையாளம் ஒன்று இருக்க வேண்டும், நேரம் அதற்கு அடுத்துதான். கடைசி வரியில் முடிந்த எடை.

தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், போன் மாறினால் போய்விடும். வேறு வேறு வீடுகளில் இரண்டு காகிதப் பிரதிகள் இருக்கட்டும். ஓரத்தில் அகலமாக இடம் விடுங்கள். யார் சமைத்தாலும், எதை மாற்றினாலும், தேதி போட்டுப் பென்சிலால் அங்கே எழுத வேண்டும். உள்ளே இருக்கும் பழைய அளவை மட்டும் யாரும் அடிக்கக் கூடாது.